ஒரு கை இழந்த வீரர்

தென் அமெரிக்காவிலுள்ள உருகுவே நாட்டின் தலைநகராகிய மொன்டேவிடியோவில் 1904-ஆம் ஆண்டு பிறந்தவர் ஹெக்டர் காஸ்ட்ரோ. 13-ஆம் வயதில் மின்சார ரம்பத்திற் சிக்கி வலது முன்கையை இழந்தார்.

கால்பந்தாட்டத்திற் கைக்கு வேலையில்லையென நாம் எண்ணலாம். ஆயின், ஓடுங்கால் உடலை நிலைநிறுத்துவதும், எதிரணியார் நெருக்குங்கால் இடங்காப்பதும், விழுங்கால் தாங்குவதும் கையன்றோ? அக்குறையுடனேயே நாசியோனல் கழகத்தின் முன்வரிசை ஆட்டக்காரராய் விளங்கினார். 1930-ஆம் ஆண்டு நடந்த முதல் உலகக் கோப்பைப் போட்டியில், பெரு நாட்டுக்கெதிராக உருகுவே அடித்த முதற் கோல் அவருடையது. அர்ஜென்டினாவை 4–2 என வென்ற இறுதியாட்டத்தின் கடைசிக் கோலும் அவருடையதே. பின்னர் அதே கழகத்திற்குப் பயிற்சியாளராகிப் பட்டங்கள் பல ஈட்டித்தந்து, 1960-இல் காலமானார்.

தேர்விற் சில எண்கள் குறைந்தமைக்கே சோர்ந்துவிடும் மாணவராகிய நாம், இவ்வீரரை நினைவிற் கொள்வோமாக.