ராமானுஜனும் பகா எண்களும்

எண்ணூர் முதல் ராயபுரம் வரை துறைமுகத்தை அண்டி வாழும் வடசென்னை வாசிகள் உரிமையுடன் போற்றத்தக்க மேதை ஸ்ரீநிவாஸ ராமானுஜன். 1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த அவர், கணிதமொன்றிலேயே மூழ்கி மற்றப் பாடங்களில் தவறியதால் பட்டம் பெறாமற்போனார். 1912 மார்ச்சு மாதத்தில் சென்னைப் போர்ட் டிரஸ்டில் மாதம் 30 ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தாவாக அமர்ந்தார். ஆபீஸ் கணக்குப் போக எஞ்சிய பொழுதெல்லாம் எண்களின் ஆராய்ச்சிக்கே ஆயிற்று.

அவர் மனத்தைக் கவர்ந்தவற்றுள் பகா எண்கள் முக்கியமானவை. தன்னாலும் ஒன்றாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாதவை அவை. அவற்றின் வரிசையில் ஒழுங்கு காண்பது அரிது. 0, 2, 6, 12, 20 என, அடுத்தடுத்த ஈரெண்களைப் பெருக்கி வரும் தொகைகளோடு 41-ஐக் கூட்டினால் 41, 43, 47, 53, 61 என்று பகா எண்களே வருகின்றன. 18-ம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித நிபுணர் கண்ட விந்தை இது. நாற்பது முறை பலிக்கும் இவ்விதி, நாற்பத்தோராம் முறை 1681-ல் பொய்த்துவிடுகிறது. அது 41-ஐ 41-ஆல் பெருக்கிய தொகை. நாற்பது சாட்சிகள் கூடியும் ஒரு நிரூபணத்துக்கு ஈடாகவில்லை!

பகா எண்கள் ராமானுஜனையும் ஒருமுறை ஏமாற்றின. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜிலிருந்த ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில், ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் உண்டென்பதை ஏறக்குறையச் சரியாகக் கணிக்கும் சூத்திரம் கண்டதாக அவர் தெரிவித்தார். சிறிய எண்களுக்கு அது நன்கு பொருந்தியது. பெரிய எண்களில் அவர் நம்பிய துல்லியம் நிலைக்கவில்லை. ஹார்டி நிரூபணம் கோரினார். 1914-ல் ராமானுஜன் கடல் கடந்து சென்றார். நிரூபணத்தின் கடுமையைப் பயின்றார்.

அதன் பலனை 1919-ல் இந்தியக் கணித சங்கத்தின் சஞ்சிகையில் காண்கிறோம். ஓர் எண்ணுக்கும் அதன் இரட்டிப்புக்கும் இடையே பகா எண் உண்டென்ற உண்மையைச் சில பக்கங்களிலேயே அவர் நிரூபித்துவிட்டார். மேலும், 41 முதல் எவ்வெண்ணை எடுத்தாலும், அதன் பாதிக்கு மேல் அதுவரையில் ஐந்து பகா எண்களேனும் உண்டென்றும் காட்டினார். இதற்கு எங்கும் விதிவிலக்கில்லை. 1920 ஏப்ரல் 26-ந் தேதி, முப்பத்திரண்டாம் வயதில், சென்னையில் அவர் காலமானார்.

ராயபுரத்தில் 1993 முதல் அவர் பெயரால் ஒரு பொருட்காட்சிச் சாலை விளங்குகிறது. அவருடைய பிழையை ஒளித்துப் புகழ் பாடுவோர் அவருடைய உழைப்பையே ஒளிக்கிறார்கள். ஐந்தாறு உதாரணங்களைக் காட்டி ஒரு கொள்கையை ஸ்தாபித்துவிட்டதாக மேடையில் முழங்கும் நமக்கு, அந்த 1681 நினைவிலிருக்கட்டும்.