பிறப்பை வினவிய சபையும் எதிர்த்து நின்ற போதகரும்

1517ஆம் ஆண்டு ஐரோப்பாவின் சமய வரலாற்றில் ஒரு திருப்புமுனை என்பதை நம் மாணவர்கள் பள்ளிப் பாடத்திலேயே படித்திருப்பர். விட்டன்பர்க் நகரில் மார்ட்டின் லூதர் என்னும் துறவி, பாவமன்னிப்புச் சீட்டு விற்பனையை எதிர்த்து 95 கருத்துரைகளை வெளியிட்டார். போப்பாண்டவரின் அதிகாரத்தினும் பேரரசரின் ஆணையினும் திருமறையும் மனச்சான்றுமே மேலானவை என்று அவர் நின்ற நிலையினின்றே பிராட்டஸ்டண்டுத் திருச்சபைகள் தோன்றின. அவ்வாறு எதிர்ப்பிலே பிறந்த சபை, நானூறு ஆண்டுகளுக்குப் பின்னர், அதே ஜெர்மனியில் ஒரு கொடுங்கோலன் முன்னே பெரும்பாலும் வாய்மூடி நின்றது. வாய்திறந்த சிலருள் ஒருவர் டீட்ரிக் போன்ஹோபர். அன்னாரது வரலாற்றை நம் சங்கத்து இளைஞர்கள் அறிதல் வேண்டும் என்னும் அவாவினால் இதனை எழுதுகின்றேன்.

போன்ஹோபர் 1906 பிப்ரவரி 4ஆம் நாள் பிரெஸ்லௌ நகரில், எண்மர் பிள்ளைகளுள் ஆறாமவராகப் பிறந்தார். சபீன் என்னும் தங்கை அவருடன் இரட்டையராகப் பிறந்தவர். தந்தையார் பெர்லினில் மனநோய் மருத்துவப் பேராசிரியர். தாயார் ஆசிரியப் பயிற்சி பெற்றவர். தம் மக்களுக்குத் தொடக்கக் கல்வியைத் தாமே வீட்டில் புகட்டினார். வறுமையோ இழிவோ அறியாத குடும்பம். இறையியல் கற்று, 1927இல் தமது 21ஆம் வயதிலேயே முனைவர் பட்டம் பெற்றார்.

1930இல் மேற்படிப்பிற்காக நியூயார்க் சென்றார். பிராங்க் பிஷர் என்னும் கறுப்பின மாணவரின் நட்பு அங்கே அவருக்குக் கிட்டியது. அந்நண்பர் அவரை ஹார்லெம் பகுதியிலிருந்த அபிசீனிய பாப்டிஸ்ட் சபைக்கு அழைத்துச் சென்றார். பேராசிரியர் வீட்டுப் பிள்ளை அங்கே கறுப்பினச் சிறுவர்களுக்கு ஞாயிறு பள்ளி ஆசிரியரானார். தோலின் நிறத்தால் மனிதர் ஒதுக்கப்படுவதைக் கண்ணாரக் கண்டு வீட்டுக்கு எழுதினார். அறிவியலறிஞரான அவருடைய மூத்த தமையனார், இதனோடு ஒப்பிடின் நம் நாட்டு யூதர் சிக்கல் வேடிக்கையே என்று மறுமொழி எழுதினார். அது 1931 ஜனவரி மாதம். இரண்டே ஆண்டுகளில் அக்கணிப்பு பொய்த்தது. கற்றறிந்தோரும் தம் வீட்டுத் தீயைக் காணாதிருப்பது உலகில் புதிதன்று.

நாடு திரும்பியபின் அவர் ஆற்றிய ஒரு பணி, ஆசிரியத் தொழிலில் உள்ள என் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்ததாகும். பெர்லினின் வடபகுதியில் தொழிலாளர் குடியிருப்பு ஒன்றில், திடப்படுத்தலுக்கு ஆயத்தம் செய்யவேண்டிய ஐம்பது சிறுவர்கள் இருந்தனர். பெற்றோருள் வேலையற்றோர் பலர். முன்னிருந்த முதிய போதகரால் அவர்களை அடக்க இயலவில்லை. போன்ஹோபர் வகுப்பில் நுழைந்த நாளன்று ஒரே கூச்சல். அவர் அதட்டவில்லை, பிரம்பை நாடவுமில்லை. சட்டைப்பையில் கைகளை இட்டவாறு வாளாநின்றார். சில நிமிடங்கள் சென்றபின், முதல் வரிசைக்கு மட்டுமே கேட்கும் மெல்லிய குரலில் ஹார்லெம் மக்களைப் பற்றி ஒரு கதை தொடங்கினார். வகுப்பு அடங்கியது. அமைதியாய் இருந்தால் அடுத்த முறையும் கதை உண்டு என்றார். பின்னர் அப்பகுதியிலேயே ஓர் அறையை வாடகைக்கு எடுத்தார். மாணவர் மாலையில் அங்கு வரலாம், உண்ணலாம், சதுரங்கம் ஆடலாம், ஆங்கிலம் படிக்கலாம். திடப்படுத்தல் நாளுக்குப் புத்தாடை வாங்க வழியற்றோர் இருந்தமையால், துணி வாங்கி ஒவ்வொருவருக்கும் அளந்து கொடுத்தார். நாற்பது பேர் அமர்ந்த அறையில் தொண்டை வறள நின்றவர்க்கே அந்த முதல் நாள் மௌனத்தின் அருமை விளங்கும்.

1933 ஜனவரி 30ஆம் நாள் ஹிட்லர் ஆட்சிப் பீடம் ஏறினான். ஏப்ரல் 7ஆம் நாள், யூத வழித்தோன்றல்களை அரசுப் பணியினின்று நீக்கும் சட்டம் வந்தது. நாஜிக் கொள்கையை ஏற்ற ‘ஜெர்மன் கிறிஸ்தவர்’ என்னும் பிரிவினர் சபைக்குள்ளும் அவ்விதி வேண்டும் என்றனர். ஜூலைத் தேர்தலில் பெருவெற்றியும் பெற்றனர். செப்டம்பரில் பிரஷ்ய சபைப் பேரவை அதனை ஏற்றது. ஞானஸ்நானம் பெற்று, இறையியல் கற்று, சபைத் தொண்டு செய்பவராயினும், பாட்டனார் யூதர் எனில் அவர் போதகராகல் கூடாது! பிறப்பைக் காட்டித் தொழில் மறுப்பதும் தனி இடம் ஒதுக்குவதும் எத்தன்மையன என்று இம்மலரின் வாசகர்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை.

போன்ஹோபர் அதற்கு முன்னரே, ஏப்ரல் மாதத்திலேயே, ஒரு கட்டுரை எழுதிவிட்டார். அரசின் செயல் முறையானதா என்று சபை வினவல் வேண்டும். அரசால் வதைபடுவோர் எச்சமயத்தாராயினும் அவர்க்கு உதவல் வேண்டும். அதுவும் போதாதாயின் கொடுமைச் சக்கரத்தையே தடுத்து நிறுத்தல் வேண்டும் என்பது அதன் சாரம். பிறப்பால் விலக்கும் சபை சபையே அன்று என்பது அவர் துணிபு. எனினும் அதே ஏப்ரலில், தங்கை கணவரின் யூதத் தந்தை இறந்தபோது, மேலதிகாரியின் அறிவுரையைக் கேட்டு அடக்க ஆராதனை நடத்த மறுத்தார். சில மாதங்களுக்குப் பின் மைத்துனருக்கு எழுதி வருந்தினார்.

இரு தரப்பாரும் லூதரின் பெயரையே கூறினர் என்பது கருதத்தக்கது. உலக ஆட்சி வேறு, அருளாட்சி வேறு என்று லூதர் வகுத்ததைக் காட்டி, அரசியலில் சபைக்கு வேலையில்லை என்றனர் பலர். லூதரே 1543இல் யூதர்க்கு எதிராக எழுதிய கொடிய நூலும் நாஜிகளுக்கு வாய்ப்பாயிற்று. மறுபுறம், 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடிய லுத்தரன், சீர்திருத்த, ஐக்கிய சபையார், கார்ல் பார்த் முதன்மையாக வரைந்த அறிக்கையை ஏற்று, சபைக்குத் தலைவர் கிறிஸ்து ஒருவரே எனச் சாற்றினர். அறிக்கைத் திருச்சபை எனப்படுவது இவ்வணியே. போன்ஹோபர் அப்போது இலண்டனில் ஜெர்மானியர் சபைகளில் போதகர். அஃது அஞ்சா அறிக்கைதான். ஆயினும் யூதரைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. சபை தன் உரிமைக்காக மட்டும் போராடுவது போதாது என்பதே போன்ஹோபரின் ஓயாத மனக்குறை.

அறவழிப் போராட்டத்தை நேரிற் கற்க விரும்பி அவர் காந்தியடிகளுக்கு எழுதினார். 1934 நவம்பரில் ஆசிரமத்தில் வந்து தங்குமாறு அழைப்பும் வந்தது. ஆயின் அறிக்கைத் திருச்சபையின் போதகர் பயிற்சிப் பள்ளியை நடத்தும் பொறுப்பு வந்தமையால் இந்தியப் பயணம் கைகூடவில்லை. பின்கன்வால்டு என்னுமிடத்தில் நடந்த அப்பள்ளியை 1937இல் இரகசியப் போலீசார் மூடி முத்திரையிட்டனர்.

1938 நவம்பர் 9ஆம் நாள் இரவு நாடெங்கும் யூதர் ஆலயங்கள் எரிந்தன. மறுநாள் லூதரின் பிறந்தநாள். அப்பொருத்தத்தை வியந்து மகிழ்ந்த பேராயரும் ஒருவர் இருந்தார். போன்ஹோபரோ தம் திருமறையில் 74ஆம் சங்கீதத்தின் ஓரத்தில் அந்நாளைக் குறித்து வைத்தார். ஆலயங்கள் எரிக்கப்பட்டதைப் புலம்பும் பாடல் அது.

1939 ஜூனில் நண்பர்கள் அவரை நியூயார்க்கிற்கு அழைத்துப் பாதுகாப்பான பணி தந்தனர். ஒரு மாதமும் அவரால் தங்க இயலவில்லை. துன்பநாளில் மக்களோடு இராதவனுக்குப் பின்னர் அவர்களோடு நாட்டைக் கட்ட உரிமையில்லை என்று கருதித் திரும்பினார். இராணுவ உளவுத்துறையில் மறைந்திருந்த எதிர்ப்பாளரோடு சேர்ந்தார். 1942இல் 14 பேரை, பெரும்பாலும் யூத வழியினரை, சுவிட்சர்லாந்துக்குத் தப்புவித்த முயற்சியிலும் பங்கு கொண்டார். ஹிட்லரைக் கொல்லும் சதியையும் அவர் அறிந்திருந்தார். காந்தியடிகளிடம் கற்க விழைந்தவர் இதில் சேர்ந்தது முரண் என்போர் உளர். அவரும் அதனை நியாயப்படுத்தித் தம்மைக் குற்றமற்றவராகக் காட்டிக்கொள்ளவில்லை. குற்றத்தையும் தாமே சுமக்க ஒருப்பட்டார்.

1943 ஏப்ரல் 5ஆம் நாள் கைதானார். டெகல் சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதங்கள் பின்னாளில் உலகெங்கும் படிக்கப்பட்டன. 1945 ஏப்ரல் 9ஆம் நாள் பிளோசன்பர்க் முகாமில் தூக்கிலிடப்பட்டார். வயது 39. ஒரு தமையனும் தமக்கையர் இருவரின் கணவன்மாரும் அதே மாதத்தில் கொல்லப்பட்டனர். ஜூலை மாதம் இலண்டனில் நடந்த நினைவு ஆராதனையை வானொலியில் கேட்டே, பெர்லினிலிருந்த முதிய பெற்றோர் மகனின் மரணத்தை உறுதியாக அறிந்தனர்.

அவ்வாண்டு அக்டோபரில் ஸ்டட்கார்ட் நகரில் ஜெர்மானியச் சபைத் தலைவர்கள் தம் குற்றத்தை அறிக்கையிட்டனர். அதிலும் யூதர் என்னும் சொல் இடம்பெறவில்லை. தம் மௌனத்தால் யூதர்க்கு இழைத்த குற்றத்தில் தமக்கும் பங்குண்டு என்று அச்சபையின் பேரவை வெளிப்படையாகக் கூற, 1950ஆம் ஆண்டு வரவேண்டியிருந்தது.