கணினிக்குக் கணக்கு வரிசையைச் சொல்லித்தந்த போலந்து அறிஞர்: யார் இந்த யான் வூகாஷேவிச்?

கிள்ளானில் உள்ள ஒரு துணிக்கடையில் ஆன்லைனில் மூணு சேலை வாங்குறீங்கன்னு வச்சுக்குவோம். ஒன்று 40 வெள்ளி, தபால் செலவு 10 வெள்ளி. 10 + 3 × 40 என்று தட்டினால் விடை 130. இடமிருந்து வலமாக அப்படியே போட்டா 520 ஆயிடும்!

பெருக்கலை முதலில் செய்யணும்னு நமக்குத் தெரியும். கணினிக்கு எப்படிப் புரியவைப்பது? அதற்கு வழிவகுத்தவர் யான் வூகாஷேவிச்.

அமைச்சர் முதல் அகதி வரை

1878இல், இன்றைய உக்ரைனில் உள்ள லிவிவ் நகரில் பிறந்தவர் இவர். 1919இல் போலந்தின் கல்வி அமைச்சரானார். வார்சா பல்கலைக்கழகத்துக்கு இருமுறை தலைமை வகித்தார்.

தர்க்கவியல் சூத்திரங்களை அடைப்புக்குறியே இல்லாமல் எழுத 1924இல் ஒரு வழி கண்டார். குறியை முன்னால் போட வேண்டும், அவ்வளவுதான். நம்ம சேலைக் கணக்கு அந்த முறையில் + 10 × 3 40 ஆகும். எதை முதலில் செய்வது என்ற குழப்பமே இல்லை. இதுவே 'போலந்துக் குறிமுறை'.

1939இல் போர் வந்தது. குண்டுவீச்சில் அவரது வீடும் கையெழுத்துப் பிரதிகளும் அழிந்தன. ஆக்கிரமிப்புக் காலத்தில் ரகசியமாக இயங்கிய பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தினார். 1944இல் மனைவியுடன் வார்சாவை விட்டு வெளியேறினார். 1946இல் அயர்லாந்து அவருக்கு வேலை கொடுத்தது. 1956 பிப்ரவரி 13 அன்று டப்ளினில் காலமானார். தாய்நாட்டில் மீண்டும் வாழ அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவருக்குப் பிறகு

குறியைக் கடைசியில் போட்டால் கணினிக்கு இன்னும் எளிது: 10 3 40 × +. எண்களைத் தட்டுகள் போல அடுக்கிக்கொண்டே வரும். குறி வந்ததும் மேலே உள்ள இரண்டை எடுத்துக் கணக்கிட்டு, விடையை மறுபடி அடுக்கில் வைக்கும். 3 × 40 = 120, பிறகு 10 + 120 = 130. நாம் வழக்கமாக எழுதும் கணக்கை இப்படி மாற்றும் முறையை நெதர்லாந்தின் டைக்ஸ்ட்ரா 1961இல் விவரித்தார்.

இன்று ஜாவாஸ்கிரிப்ட்டில் 'ஈவால்' என்ற குறுக்குவழி இருக்கிறது. ஆனால் அது கணக்கை மட்டுமல்ல, யாராவது தட்டிவிடும் தீய கட்டளையையும் இயக்கிவிடும். அதனால் கவனமான நிரலாளர்கள் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்து, எண்ணையும் குறியையும் மட்டுமே அனுமதிக்கிறார்கள்.

அடுத்த முறை பில்லில் 130 சரியாக வந்தால், வீடிழந்த அந்தப் பேராசிரியரையும் கொஞ்சம் நினைச்சுக்கலாம்.