பழஞ்சொல்லுக்குப் பொருள் மீட்ட அடிகளார்

காரைதீவில் 1892ஆம் ஆண்டு பிறந்த மயில்வாகனம், 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதராயும் 1920இல் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரியாயும் விளங்கினார். 1924இல் துறவு பூண்டு விபுலாநந்த அடிகளாராகி, இராமகிருஷ்ண சங்கத்தின் சார்பில் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியையும் பேணி வளர்த்தார்.

1936இல் சென்னையிற் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கி, புதுப்பொருளுக்குச் சொல் காண வழிசெய்தார். அதனினும் அரியது, பழஞ்சொல்லுக்குப் பொருள் மீட்டமை. பத்தர், கோடு, திவவு என்னும் யாழுறுப்புப் பெயர்கள் ஏட்டில் இருந்தன. யாழோ நாட்டில் இல்லை. இத்தகைய இடங்களில் உரைகாரர் கூற்றைத் திருப்பிச் சொல்லி என்போன்ற ஆசிரியர்கள் அமைந்துவிடுகிறோம். அடிகளார் அவ்வாறு அமைந்தாரல்லர். சிலப்பதிகார அரங்கேற்று காதையை ஆதாரமாகக் கொண்டு, பழஞ்சிற்பங்களை ஒப்புநோக்கி, நரம்புகளின் சுருதியைக் கணித முறையால் நிறுவினார். ஏறத்தாழ 14 ஆண்டு உழைப்பு 'யாழ் நூல்' ஆயிற்று.

1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூர்த் திருக்கோயிலில் அந்நூல் அரங்கேறியபோது, அவர் கண்ட முறையில் அமைந்த யாழ்கள் ஒலித்தன. ஏட்டுச்சொல் செவிப்பொருளாயிற்று. யூலை 19இல் அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

அருஞ்சொல்லைக் காணுந்தோறும் அது குறித்த பொருளையும் தேடிக் காண்போமாக. அவர் பேணிய கல்லூரியிற் பயின்ற நாம் செலுத்தத்தக்க நன்றி அதுவேயாம்.