எமில் துர்க்கைம்: சமூகத்தைப் பொருளாக நோக்கிய அறிஞர்

மனிதனை அறிய அவன் உள்ளத்தை நோக்குவதா, அவனைச் சூழ்ந்த சமூகத்தை நோக்குவதா? சமூக ஆய்வில் புகுவோர் முதலில் எதிர்கொள்ளும் வினா இது. இரண்டாம் வழியைத் தேர்ந்து, அதனைத் தனியோர் ஆய்வுநெறியாக நிலைநிறுத்தியவர் பிரெஞ்சு அறிஞர் எமில் துர்க்கைம்.

இவர் 1858 ஏப்ரல் 15ஆம் நாள், பிரான்சின் கிழக்கே எப்பினால் நகரில், வழிவழியாக யூத சமயகுருக்களாக விளங்கிய குடும்பத்தில் பிறந்தார். குலப்பணியை ஏற்காது கல்வியை நாடினார். நுழைவுத் தேர்வில் இருமுறை தோல்வியுற்றும் தளராது, 1879இல் பாரிசின் எக்கோல் நார்மால் கல்விக்கூடத்தில் இடம்பெற்றார். 1887இல் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆசிரியப் பணியேற்றார்.

வழக்காறு, சட்டம், சமயம் முதலியன தனிமனிதனுக்குப் புறத்தே நின்று அவனைக் கட்டுப்படுத்தும் சமூக உண்மைகள். அவற்றைப் பொருள்களைப்போல் விலகிநின்று ஆராய்தல் வேண்டும். 1895இல் வெளிவந்த 'சமூகவியல் முறையின் விதிகள்' என்னும் நூலில் அவர் வகுத்த கோட்பாடு இதுவே. ஈராண்டுகளில் அதனைக் கடுஞ்சோதனைக்கு உட்படுத்தினார். முற்றிலும் தனிமனிதத் துயரம் என்று கருதப்பட்ட தற்கொலையையே ஆய்வுப்பொருளாகக் கொண்டார். அவருடைய தமக்கை மகன் மார்செல் மோஸ் ஏறத்தாழ 26,000 இறப்புப் பதிவுகளை வகைப்படுத்தி உதவினார். கத்தோலிக்கரினும் புரோட்டஸ்டண்டினரிடையேயும், மணமானவரினும் மணமாகாதவரிடையேயும் விகிதம் மிகுந்திருந்தது. சமூகப் பிணைப்புத் தளரும்போதும் நெறி குலையும்போதும் உயிர்கள் இழக்கப்படுகின்றன என்பது அவர் கண்ட முடிபு.

அவர் காலத்தவரான ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபரோ, மனிதன் தன் செயலுக்குக் கற்பிக்கும் பொருளை அகவயமாக உணர்தலும் ஆய்வாளன் கடமை என்றார். புறநோக்கும் அகநோக்குமாகிய இவ்விரு நெறிகளும் இன்றளவும் சமூக ஆய்வில் எதிரெதிரே நின்று ஒன்றையொன்று செம்மைப்படுத்தி வருகின்றன.

1902இல் துர்க்கைம் பாரிசின் சொர்போன் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். முதல் உலகப்போர் அவர் வளர்த்த இளம் ஆய்வாளர் பலரைப் பலிகொண்டது. மொழியியல் பயின்ற மகன் ஆந்திரே, 1915ஆம் ஆண்டின் இறுதியில் பால்கன் போர்முனையில் படுகாயமுற்று மாண்டார். அச்செய்தி உறுதியாகச் சில மாதங்கள் ஆயின. பல்லாயிரம் இறப்புகளைக் கலங்காது ஆராய்ந்த அவ்வறிஞர், மகனைப் பற்றிப் பிறர் தம்மிடம் பேசுவதையும் பொறுக்க இயலாதவரானார். உடல் நலிந்தது. ஆயினும் எழுதுகோலைக் கீழே வைக்கவில்லை. அறவியல் பற்றிய பெருநூல் ஒன்றைத் தொடங்கினார். அதன் முன்னுரைப் பகுதியை மட்டும் எழுதிய நிலையில், 1917 நவம்பர் 15ஆம் நாள், தம் 59ஆம் அகவையில் மறைந்தார்.