பறக்கப் பழகியவர்

சென்ற தைப்பொங்கல் விடுமுறையில், முன்னர் என்னிடம் கற்ற மாணவன் ஒருவன் என்னைக் காண வந்திருந்தான். விமானவோட்டியாவதற்குப் பயிற்சி பெற்றுவரும் அவன் தன் படிப்பைப் பற்றிச் சற்றுச் சலிப்போடு பேசினான். வானில் வேகத்தை வேண்டுமென்றே குறைத்து, சிறகுகள் தாங்குந் திறனை இழந்து விமானம் விழத் தொடங்கும் நிலைக்கு அதனைக் கொண்டுசென்று, பின்னர் அதனை மீட்டெடுக்கும் பாடத்தையே அவனுடைய போதனாசிரியர் மீண்டும் மீண்டும் செய்விக்கின்றாராம். இக்காலத்து விமானங்கள் பெரும்பொழுது தம்மைத் தாமே செலுத்த வல்லனவாயிருக்க, இந்தப் பழம் பாடம் எதற்கு என்பது அவன் கேள்வி. முப்பது ஆண்டுகள் பௌதிகம் கற்பித்த எனக்கு விமானம் ஓட்டத் தெரியாது. ஆயினும் அக்கேள்விக்கு ஒரு மனிதருடைய வாழ்க்கையே விடையாக இருப்பதை நான் அறிவேன். அன்று அவனுக்குக் கூறியதைச் சற்று விரித்து இங்கே எழுதுகின்றேன்.

வில்பர் றைற் 1867ஆம் ஆண்டு ஏப்ரில் 16ஆம் திகதி, அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் மில்வில் என்னும் சிற்றூருக்கு அருகே பிறந்தார். தந்தையார் கிறித்தவ சபையொன்றின் குருமுதல்வர். தம்பி ஓர்வில் நான்கு ஆண்டுகள் இளையவர். குடும்பம் பின்னர் ஒகையோ மாநிலத்து டேற்றன் நகரில் நிலைகொண்டது. பள்ளியில் சிறந்து விளங்கிய வில்பர், பல்கலைக்கழகம் புகும் எண்ணத்தோடு இருந்த வேளையில், பனிக்கட்டியின்மேல் ஆடும் ஹொக்கி விளையாட்டில் மட்டையொன்று முகத்திற் பட்டுப் பற்களை இழந்தார். உடலினும் உள்ளம் பெரிதும் சோர்ந்தது. வீட்டோடு இருந்து, காசநோயால் நலிந்த தாயாரைப் பராமரிப்பதும் தந்தையின் நூல்களைப் படிப்பதுமாகச் சில ஆண்டுகளைக் கழித்தார். 1889இல் தாயார் மறைந்தார். பல்கலைக்கழகக் கனவும் அதனோடு மறைந்தது. சகோதரர் இருவரும் முதலில் அச்சகமும், 1892 முதல் துவிச்சக்கரவண்டிக் கடையும் நடத்தினர்.

இந்தத் துவிச்சக்கரவண்டிக் கடையை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். இரண்டு சக்கரங்களின்மேல் நிமிர்ந்து செல்லும் வண்டி, ஏறத் தெரியாதவனுக்குப் பயனற்ற இரும்பு. அதனை ஓட்ட வைப்பது ஓட்டுபவனுடைய பழக்கம். வில்பர் வானத்தை நோக்கிய பார்வையும் இதுவே.

1896ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில், சிறகுகளைப் பூண்டு குன்றுகளிலிருந்து காற்றிற் சறுக்கிப் பறந்து உலகப் புகழ் பெற்ற ஜெர்மானியர் ஒற்றோ லிலியென்தால் வீழ்ந்து மாண்டார். காற்றில் அவருடைய கருவி மூக்கை உயர்த்தி வேகமிழந்து நின்றது. உடலை அசைத்து அதனை நேராக்க அவர் முயன்றும் இயலவில்லை. அச்செய்தி வில்பரின் உள்ளத்தில் பழைய ஆவலொன்றைக் கிளறியது. 1899ஆம் ஆண்டு மே 30ஆம் திகதி, பறத்தல் பற்றிய நூல்களை வேண்டி வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அவர் கடிதம் எழுதினார். கிடைத்தவற்றையெல்லாம் கற்றபின் ஒரு முடிவுக்கு வந்தார். சிறகு செய்யவும் இயந்திரம் செய்யவும் ஒருவாறு வழி தெரிந்துவிட்டது. காற்றில் எழுந்தபின் கருவியைச் சமநிலையில் வைத்துச் செலுத்துவதற்கே வழி தெரியவில்லை என்பதே அம்முடிவு.

லிலியென்தால் ஐந்து ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டாயிரம் முறை பறந்தவர். ஆனால் அத்தனையையும் கூட்டினால் அவர் வானில் இருந்த நேரம் ஐந்து மணியளவே என்று வில்பர் கணக்கிட்டார். 1901இல் சிக்காகோவில் பொறியியலாளர் அவையிலே பேசியபோது, பத்துப் பத்து விநாடிகளாக ஐந்து ஆண்டுகளில் ஐந்து மணி நேரமே பழகிய ஒருவன் துவிச்சக்கரவண்டியில் நெரிசல் மிக்க தெருவிற் செல்லத் துணிவானா என்னும் கருத்துப்பட அவர் விளக்கினார். லிலியென்தாலின் அறிவை அவர் ஒருபோதும் குறைத்து மதித்தாரல்லர். பழகுவதற்கு அவருக்குக் கிடைத்த நேரம் குறைவு என்றே கண்டார்.

ஆகவே றைற் சகோதரர் முதலில் இயந்திரத்தைத் தேடவில்லை, பழகுமிடத்தைத் தேடினர். இடையறாத காற்றும், விழுந்தாலும் எலும்பு முறியாத மணலும் உள்ள கிற்றி ஹோக் என்னும் கடற்கரையைத் தெரிந்தனர். 1900இல் அங்கே வில்பர் இயந்திரமில்லாத சறுக்கு விமானத்தில் பறந்த நேரம் மொத்தம் இரண்டு நிமிடமளவே. 1901இல் கருவி எதிர்பார்த்தபடி தாங்கவில்லை. மனமொடிந்து திரும்பியவர்கள், காற்றுச் சுரங்கமொன்றை அமைத்துச் சிறகு வடிவங்களைச் சோதித்துக் கணக்குகளைத் திருத்தினர். 1902இன் இலையுதிர் காலத்தில், அசையும் சுக்கானோடு கூடிய புதிய சறுக்கு விமானத்தில் 700 முதல் 1000 வரையான பறப்புகளை இருவரும் நிகழ்த்தினர். இயந்திரம் பூட்டுவதைப் பற்றி அவர்கள் எண்ணியது அதன் பின்னரே.

அதே காலத்தில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் தலைவர் லாங்லே அரசாங்கத்தின் பெரும் பொருளுதவியோடு ஒரு விமானம் அமைத்தார். அதன் இயந்திரம் றைற் சகோதரரின் இயந்திரத்தினும் வலியது. அதில் ஏறிய மான்லி சிறந்த பொறியியலாளர். ஆனால் அதற்கு முன் ஒருமுறையேனும் பறந்தவரல்லர். 1903 ஒக்டோபரிலும் டிசெம்பரிலும் இருமுறை ஏவப்பட்ட அவ்விமானம் இருமுறையும் பொற்றோமக் ஆற்றில் வீழ்ந்தது. கருவியிலும் குறையிருந்தது, ஆயினும், அது நன்றாக எழுந்திருந்தாலும் அதனைச் செலுத்தப் பழகிய கை அன்று அங்கே இல்லை.

பழகிய கையும் தவறும். 1903 டிசெம்பர் 14ஆம் திகதி, நாணயம் சுண்டி வென்று முதலில் ஏறியவர் வில்பரே. தண்டவாளத்தை விட்டெழுந்ததும் மூக்கை அளவுக்கு மீறி உயர்த்தினார். விமானம் வேகமிழந்து, மூன்றரை விநாடியில் மணலில் வீழ்ந்தது. தவறு தம்முடையதே, இக்கருவியிற் பழக்கம் போதாமையே காரணம் என்பதை அவர் மறைக்காமல் வீட்டுக்கு எழுதினார். மூன்று நாட்களின்பின் ஓர்வில் 12 விநாடி பறந்ததும், அன்றே வில்பர் 59 விநாடியில் 852 அடி சென்றதும் உலகறிந்த செய்தி. அந்த 14ஆம் திகதியின் தோல்வியையே என் மாணவன் மறவாதிருக்க வேண்டுமென நான் விரும்பினேன்.

ஏனெனில், அதே பகை பின்னும் அவர்களைத் தொடர்ந்தது. டேற்றனுக்கு அருகே ஹஃப்மன் புல்வெளியில் 1904இலும் 1905இலும் பழகியபோது, ஒடுங்கிய வட்டமிட்டுத் திரும்புகையில் விமானம் சிலவேளை கட்டுக்கடங்காமற் சரிந்தது. திருப்பத்தில் உட்பக்கச் சிறகு வேகமிழந்து தாங்குந் திறனை விடுவதே காரணமென இறுதியிற் கண்டனர். மருந்து எளியது: மூக்கைத் தாழ்த்தி வேகத்தை மீளப் பெறுதல். நிலத்தை நோக்கி வீழ்பவன் நிலத்தை நோக்கியே மூக்கைத் திருப்ப வேண்டும். அச்சம் மேலே இழு என்கிறது. அறிவு கீழே தள்ளு என்கிறது. அந்த நொடியில் அச்சத்தை மீறி அறிவு கையில் வந்து நிற்கப் பழக்கம் ஒன்றே துணை. 1905 ஒக்டோபர் 5ஆம் திகதி வில்பர் 39 நிமிடங்களில் 24 மைல் பறந்தார்.

பின்னர் இரண்டரை ஆண்டுகள் இருவரும் பறக்கவேயில்லை. 1908 மே மாதத்தில், பொதுமக்கள் முன் தோன்றுமுன், மீண்டும் கிற்றி ஹோக் சென்று பழகினர். விமானத்திற் புதிய கைபிடிகள் பொருத்தப்பட்டிருந்தன. உலகிலே மிகச் சிறந்த விமானவோட்டியான வில்பர், பிடியொன்றைப் பிழையான பக்கம் தள்ளி, விமானத்தை மணலில் மோதினார். ஒருமுறை கற்றது என்றும் நிற்கும் என்பது வானத்திற் செல்லாது. அந்த ஓகஸ்டில் பிரான்சின் லெ மான் நகரருகே அவர் பறந்தபோது, ஐரோப்பா வியந்து நின்றது.

அவ்வாண்டு செப்டெம்பர் 17ஆம் திகதி அமெரிக்காவில் ஓர்வில் ஓட்டிய விமானத்தின் சுழலி பிளந்து, செல்ஃபிரிட்ஜ் என்னும் இளம் படையதிகாரி மாண்டார், ஓர்வில் படுகாயமுற்றார். துயரச் செய்தி கேட்டுச் சில நாட்கள் பறவாதிருந்த வில்பர், மீண்டெழுந்து ஒன்றரை மணி நேரம் பறந்தார். 1909இன் தொடக்கத்தில் போ நகரில் மூன்று பிரெஞ்சு மாணவரைப் பக்கத்திலிருத்திப் பயிற்றினார். அவ்வாண்டு ஒக்டோபரில் மேரிலாந்தில் அமெரிக்கப் படையதிகாரிகள் இருவரைப் பயிற்றினார். ஒவ்வொருவரும் பெற்றது மூன்று மணியளவான பயிற்சியே. பத்து நாள் சென்று அவ்விருவரும் ஒன்றாய்ப் பறக்கையிற் சிறகு நிலத்திற் பட்டு விமானம் சிதைந்தது. உயிர் தப்பினர். மூன்றாமவர் ஃபுலுவா தனியே எழும்பவும் இறங்கவும் பயிலுமுன்னரே விமானத்தோடு ரெக்சசுக்கு அனுப்பப்பட்டார். றைற் சகோதரருக்குக் கடிதமெழுதி ஐயந் தெளிந்து, எஞ்சிய பாடத்தைத் தபால் மூலமே கற்றார். கேட்பதற்கு இனிய கதை. எண்ணினால் நெஞ்சு நடுங்கும்.

வில்பரின் வாழ்விலும் ஒரு நிழல் உண்டு. 1910இல் அவர்களுடைய நிறுவனம் காட்சிப் பறப்புக் குழுவொன்றை அமைத்தது. கூட்டம் கைதட்டியது, பணம் வந்தது. சாகசம் வேண்டாமென வில்பர் கண்டித்து எழுதியும் போட்டி ஓயவில்லை. 1910 நவம்பரில் ஜோன்ஸ்ரனும், டிசெம்பர் 31இல் ஹொக்சியும் வீழ்ந்து மாண்டனர். 1911 நவம்பரில் குழு கலைக்கப்பட்டது. கண்டித்தவரே அக்காட்சியின் வருவாயிற் பங்குடையவர் என்பதை மறைத்து அவர் வரலாற்றை எழுதுதல் நேர்மையாகாது. உரிமை வழக்குகளில் உடலும் உள்ளமும் தேய்ந்த அவர், 1912 மே 30ஆம் திகதி, தமது 45ஆம் வயதில் நெருப்புக் காய்ச்சலால் மறைந்தார். ஸ்மித்சோனியனுக்கு அந்தக் கடிதம் எழுதிச் சரியாகப் பதின்மூன்று ஆண்டுகள் நிறைந்த நாள் அது.

அவர் மறைந்து தொண்ணூற்றேழு ஆண்டுகளின்பின், 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகரருகே ஒரு விமானம் வேகமிழந்தது. எச்சரிக்கை எழுந்தும் விமானி மூக்கைத் தாழ்த்தாமல் மேலே இழுத்தார். 50 உயிர்கள் மாண்டன. அவ்வாண்டு யூன் முதல் நாள், அத்திலாந்திக் கடலின்மேல் வேகமானிக் குழாய்களிற் பனி உறைந்து, தானியங்கிச் செலுத்தி விலகி, விமானம் மனிதன் கையில் வந்தது. அந்தக் கையும் மேலே இழுத்தது. 228 பேர் மாண்டனர். அவற்றின் பின்னரே, இத்தகைய நிலையிலிருந்து மீளும் பயிற்சி பல நாடுகளில் விமானிகளுக்குக் கட்டாயமாயிற்று. கிற்றி ஹோக் மணலில் மூன்றரை விநாடியில் முடிந்த அதே பாடந்தான்.

இதைக் கூறி முடித்தபோது என் மாணவன் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை, என் மனம் வேறோரிடத்தில் இருந்தது. பாடத்திட்டத்தை முடிக்கும் அவசரத்தில், ஆய்வுகூடத்திற் செய்விக்க வேண்டிய எத்தனையோ பரிசோதனைகளைக் கரும்பலகையிலேயே செய்துகாட்டி முடித்தவன் நான். மாணவர் பரீட்சையிற் தேறினர், எவரும் குறைகூறவில்லை. என் வகுப்பிற் பிழைத்தவன் அடுத்த ஆண்டு மீண்டும் எழுதலாம். இவனுடைய போதனாசிரியருக்கு அந்த வசதி இல்லை. அவன் விடைபெற்றபோது, அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லும்படி கூறி அனுப்பினேன்.