பயம் மனசுக்குள்ளே இருக்கு! பாட்டே இல்லாமல் மர்மப்படம் எடுத்த வீணை வித்வான்

ஒரு மனநோய் நிபுணர். அவரிடம் சிகிச்சைக்கு வரும் சிறுவனின் கண்ணுக்கு, செத்துப்போனவர்கள் எல்லாம் தெரிகிறார்கள். "சிக்ஸ்த் சென்ஸ்" என்ற இந்த அமெரிக்கப் படம் 1999ல் வெளிவந்து உலகத்தையே ஒரு கலக்கு கலக்கியது.

இதை எடுத்த டைரக்டர் மனோஜ் நைட் சியாமளன் பிறந்த ஊர் எது தெரியுமா? நம்ம புதுவையோடு சேர்ந்த மாகி! 1970ம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி அங்கே பிறந்தார்.

அதே 1970ல் ஒரு தமிழ்ப்படம் வெளியானது. பெயர் "நடு இரவில்". அதிலும் ஒரு டாக்டர் உண்டு. மனநிலை சரியில்லாத பெண்ணும் உண்டு. படத்தை டைரக்ட் செய்து, இசை அமைத்து, அந்த டாக்டராகவும் நடித்தவர் எஸ்.பாலசந்தர்.

"எதிர்நீச்சல்" எடுத்த கே.பாலசந்தர் வேறு, இவர் வேறு. பெயரைக் கேட்டதும் குழம்பிப் போகிறவர்கள் இன்றைக்கும் உண்டு. இவர் வீணை பாலசந்தர்.

அண்ணன் ராமர், அக்காள் சீதை!

1927ம் ஆண்டு ஜனவரி 18ந் தேதி சென்னையில் பிறந்தார். தந்தை சுந்தரம் அய்யர். வீடே கலைக்குடும்பம்.

1934ல் வந்த "சீதா கல்யாணம்" படத்தில் அண்ணன் ராஜம் ராமர். அக்காள் ஜெயலட்சுமி சீதை. அப்பா ஜனகர். கூடப்பிறந்தவர்களையே ராமரும் சீதையுமாகப் போட்டிருந்தார்கள்! ஏழு வயதுப் பொடியன் பாலசந்தர், ராவணன் சபையில் கஞ்சிரா வாசித்தான்.

அதன்பிறகு கையில் கிடைத்த வாத்தியத்தை எல்லாம் வாசித்தார். கடைசியில் பிடித்தது வீணை. குரு கிடையாது. தானே கற்றுக்கொண்டார்.

சினிமாவையும் விடவில்லை. 21 வயதில் "என் கணவர்" படத்துக்கு டைரக்டர் ஆகிவிட்டார்.

முதல் காட்சியிலேயே சிவாஜி பிணம்

ஜப்பான் டைரக்டர் குரோசாவாவின் "ரஷோமான்" படத்தை பாலசந்தர் பார்த்தார். ஒரே கொலை. அதை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அது அவர் மனதைப் பிடித்து உலுக்கிவிட்டது.

அதே பாணியில் ஒரு கதை எழுதி ரேடியோவுக்கு அனுப்பினார். அவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். ஏ.வி.மெய்யப்ப செட்டியார் எடுத்துக்கொண்டார். ஜாவர் சீதாராமன் திரைக்கதை எழுதினார்.

அதுதான் "அந்த நாள்". வெளியான தேதி 1954 ஏப்ரல் 13. புதுவையில் பிரெஞ்சுக் கொடி இறங்கியதே அந்த ஆண்டு நவம்பரில்தான்.

கதாநாயகனாக முதலில் கல்கத்தா விசுவநாதனைப் போட்டு பல காட்சிகள் எடுத்தார்கள். செட்டியாருக்குத் திருப்தி இல்லை. அவரை நீக்கிவிட்டு சிவாஜியை வைத்து மறுபடியும் எடுத்தார்கள்.

அந்த சிவாஜி, படம் தொடங்கிய உடனே சுடப்பட்டுச் சாகிறார்! மனைவியா, தம்பியா, தம்பி மனைவியா, பக்கத்து வீட்டுக்காரரா, ஆசைநாயகியா... யார் சுட்டது? துப்பறியும் அதிகாரி ஒவ்வொருவராக விசாரிக்கிறார். ஒவ்வொருவர் வாயிலும் செத்த மனிதன் வேறு வேறு ஆளாக வருகிறான். பேய் இல்லை, பிசாசு இல்லை. ஆனாலும் வயிற்றைப் புரட்டும். சந்தேகம் முழுக்க நம்ம மனசுக்குள்ளேதான் ஓடுகிறது.

இன்னொன்று. படத்தில் பாட்டு இல்லை. நடனம் இல்லை. சண்டையும் இல்லை. தமிழில் இப்படி ஒரு படம் வந்தது அதுதான் முதல் தடவை.

தரை டிக்கெட்காரர் சும்மா இருப்பாரா? பாட்டே இல்லாத படத்துக்கு எதற்குக் காசு என்று ஆகிவிட்டது. பத்திரிகைகள் பாராட்டின. வசூலோ படுத்துவிட்டது. மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. அதன்பிறகு மறுபடியும் திரையிட்டபோதுதான் கூட்டம் வந்தது.

பொம்மைக்குள் வெடிகுண்டு

இன்னொருவராக இருந்தால் அடுத்த படத்தில் 10 பாட்டு வைத்திருப்பார். பாலசந்தர் பிடிவாதக்காரர். சொந்தமாகவே படம் எடுக்க இறங்கினார். 1962ல் "அவனா இவன்". 1964ல் "பொம்மை".

பொம்மைக்குள் வெடிகுண்டு இருக்கிறது. தியேட்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு அது தெரியும். பொம்மையை வாங்குகிறவனுக்குத் தெரியாது. அது கைமாறிக்கொண்டே போகிறது. இது இங்கிலீஷ் டைரக்டர் ஹிட்ச்காக்கின் வித்தை. குண்டு வெடிப்பதைவிட, வெடிக்கப்போகிறது என்று தெரிந்து காத்திருப்பதுதான் அதிக பயம்.

"பொம்மை"யில் பாட்டுகள் இருந்தன. ஜேசுதாஸ் குரலைத் தமிழ் ரசிகர்கள் முதலில் கேட்டது இந்தப் படத்தில்தான். கடைசியில் விளக்கு போடுகிற ஆள் உள்பட எல்லோரையும் திரையிலேயே அறிமுகப்படுத்தி வைத்தார் பாலசந்தர்.

ஹிட்ச்காக் 1945லேயே "ஸ்பெல்பவுண்ட்" எடுத்துவிட்டார். கொலைப்பழி சுமந்த, நினைவு தப்பிய ஒருவனுக்கு மனநோய் டாக்டரான கதாநாயகி சிகிச்சை செய்கிறாள். அவன் கண்ட கனவை வைத்தே கொலைகாரனைப் பிடிக்கிறாள். நம்ம ஊர்ப் படங்களில் அப்போது பைத்தியத்துக்கு வைத்தியம் வேறு. மண்டையில் ஒரு அடி விழுந்தால் பைத்தியம். இன்னொரு அடி விழுந்தால் தெளிந்துவிடும்!

"நடு இரவில்" அந்த ரகம் இல்லை. மேஜர் சுந்தரராஜன் பணக்காரர். அவருக்கு ரத்தப்புற்றுநோய் என்கிறார் டாக்டர். ஒதுங்கிப்போன சொந்தக்காரர்களை எல்லாம் வீட்டுக்கு வரவழைக்கிறார்கள். மனநிலை சரியில்லாத மனைவியாக பண்டரிபாய். வந்தவர்கள் கண் எல்லாம் சொத்து மேல். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். இவர்களில் புத்தி சரியாக இருப்பது யார் என்று பார்க்கிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும். கொலைகாரர் யார் என்பதைச் சொன்னால், இனிமேல் படம் பார்க்கப் போகிறவர்கள் அடிக்க வருவார்கள்.

அதுதான் அவர் டைரக்ட் செய்த கடைசிப் படம். வயது 43தான். அதோடு சினிமாவுக்கு முழுக்குப் போட்டுவிட்டு வீணையோடு உட்கார்ந்துவிட்டார். வெளிநாடுகளில் கச்சேரி, இசைத்தட்டுகள். 1982ல் பத்மபூஷண் பட்டம். அங்கேயும் பிடிவாதம் போகவில்லை. சுவாதித் திருநாள் பெயரில் வழங்கும் பாட்டுகளை அவர்தான் எழுதினாரா என்று கேள்வி கிளப்பி, சங்கீத வித்வான்களோடு பெரிய சண்டையே போட்டார்.

1990ல் வடக்கே பிலாய் நகருக்குப் போயிருந்தார். போன இடத்தில் மாரடைப்பு. உயிர் பிரிந்தது. வயது 63.

அன்றைக்குத் தேதி ஏப்ரல் 13. "அந்த நாள்" திரைக்கு வந்த அதே தேதி.